சீட்டின் பின்பக்கம்: ஆன்லைன் சூதாட்ட நிபந்தனைகளைப் படிக்கும் முறை

தென்காசியிலிருந்து செங்கோட்டையைத் தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஏறினால் கோட்டைவாசல். அதற்கு அப்பால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. மாநில எல்லை திருத்தப்பட்டபோது நம்மிடம் வந்தது. கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்தியது. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் அரசே அச்சடித்து விற்கும் காகிதம், இந்தப் பக்கம் விற்றால் கைது செய்யப்படும் பொருளாகிவிட்டது. குற்றாலத்தில் குளித்துவிட்டு அப்படியே பாலருவியையும் பார்க்கப் போகிறவர்கள், சபரிமலைக்குப் போகிறவர்கள், புனலூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று நம் ஊர்க்காரர்கள் பலர் எல்லைக்கு அப்பால் உள்ள ஆரியங்காவுச் சாலையோரம் வண்டியை நிறுத்தி ஒரு சீட்டு வாங்குவது வழக்கம். அந்தச் சீட்டைக் கையில் வாங்கியதும் எல்லோரும் பார்ப்பது முன்பக்கம்: படம், எண், முதல் பரிசு எத்தனை கோடி என்பது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகளும், பெயர், முகவரி, கையெழுத்துக்கான இடமும் இருக்கின்றன. இந்த அத்தியாயம் அந்தப் பின்பக்கத்தைப் பற்றியது. செல்போனில் வரும் கேசினோ ஆப்பின் நிபந்தனைகளைப் படிக்க வேண்டியவர்களும் முதலில் இந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துப் பழகுவது நல்லது; அதில் இருப்பதெல்லாம் அதிலும் இருக்கும், அல்லது இருக்க வேண்டியது இல்லாமல் இருக்கும்.

பின்பக்கம் சொல்வது இதுதான். குலுக்கல் நடந்து 30 நாளுக்குள் பரிசைக் கேட்க வேண்டும். 5,000 ரூபாய் வரையிலான பரிசைக் கேரளத்தில் எந்த லாட்டரிக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம்; அதற்கு மேல் என்றால் அடையாளச் சான்றுகளோடு லாட்டரி அலுவலகத்திலோ வங்கி வழியாகவோ ஒப்படைக்க வேண்டும். எண்ணைச் செய்தித்தாளில் பார்த்தால் போதாது, அரசிதழில் வந்த முடிவோடு சரிபார்க்க வேண்டும். அசல் சீட்டு வேண்டும். கிழிந்ததோ திருத்தியதோ உதவாது. இவ்வளவும் நடைமுறை. இனி வருவது கணக்கு. 2021 ஜனவரியில் கிறிஸ்துமஸ்–புத்தாண்டு பம்பரின் 12 கோடி, ஆரியங்காவு வட்டாரத்தில் சீட்டு விற்றுப் பிழைத்த ஒருவர் கையில் விற்காமல் மீந்த சீட்டுக்கே விழுந்தது. ஊரே பேசியது 12 கோடி என்றுதான். ஆனால் பரிசுத் தொகையில் 10 சதவீதம் முகவர் கமிஷனாகக் கழியும்: 1 கோடியே 20 லட்சம். மிச்சம் 10 கோடியே 80 லட்சத்தில் 30 சதவீதம் வருமான வரியாகப் பிடிக்கப்படும்: 3 கோடியே 24 லட்சம். கைக்கு வருவது 7 கோடியே 56 லட்சம். பலர் இதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். 5 கோடிக்கு மேற்பட்ட வருமானத்துக்கு அந்த ஆண்டில் வரித் தொகையின்மேல் 37 சதவீதம் கூடுதல் வரி இருந்தது. அதற்கும் மேலே 4 சதவீதம் செஸ். இவற்றை லாட்டரித் துறை பிடிப்பதில்லை, வென்றவர்தான் பிறகு கட்ட வேண்டும். அதையும் கட்டினால் 12 கோடிப் பரிசில் சுமார் 6 கோடியே 18 லட்சம் நிற்கும். முன்பக்கத்துத் தொகையில் ஏறக்குறைய பாதி. இப்போது புதிய வரிமுறையில் கூடுதல் வரியின் உச்சம் 25 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கணக்கின் போக்கு மாறவில்லை.

இதில் மோசடி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கழிவுக்கும் எழுதிவைத்த விதி உண்டு. நான் சொல்ல வருவது வேறு. நிபந்தனை என்பது ஆட்டத்துக்குப் பின்னால் ஒட்டிய வால் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஆட்டமே நிபந்தனைதான். எண் விழுவது அதில் ஒரு பகுதி. எவ்வளவு கிடைக்கும், எப்போது, யாரிடம், எதைக் காட்டினால், கொடுக்காவிட்டால் எங்கே போய்க் கேட்பது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள். ஆகவே படிக்க வேண்டிய வரிசையும் தலைகீழ். எவ்வளவு கட்டினால் எவ்வளவு வரும் என்று தொடங்காமல், கொடுப்பவர் யார், எந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், தராவிட்டால் நான் யார் வாசலில் நிற்பேன் என்று தொடங்க வேண்டும். புரோநோட்டு எழுதி வாங்கும்போது இதைத்தான் செய்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர் ஆள் யார், நிலம் நீச்சு உண்டா, கேஸ் போட வேண்டியிருந்தால் தென்காசி கோர்ட்டா வேறு எங்காவதா என்று பார்த்துவிட்டுத்தான் வட்டி விகிதத்துக்கு வருகிறோம். தமிழில் அடகுச் சீட்டும், ஏலச் சீட்டும், லாட்டரிச் சீட்டும், ரம்மிக்குப் பிடிக்கும் சீட்டும் ஒரே சொல்தான். முதல் இரண்டிலும் காட்டும் விவரம் பின்னிரண்டுக்கு வரும்போது எங்கோ போய்விடுகிறது.

கேரளச் சீட்டு இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறது. கொடுப்பது மாநில அரசு. அலுவலகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது, கதவைத் தட்டலாம். அதற்கு மேல் 1998ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் என்ற மத்தியச் சட்டம் இருக்கிறது. சீட்டை மாநில அரசே தன் சின்னத்தோடு அச்சடிக்க வேண்டும், குலுக்கலை அரசே நடத்த வேண்டும், முன்னறிவித்த எண்ணுக்கோ ஒற்றை இலக்கத்துக்கோ பரிசு வைக்கக் கூடாது, உரிய காலத்தில் யாரும் கேட்காத பரிசு அரசுக்குச் சேரும் என்றெல்லாம் அதன் நான்காம் பிரிவு சொல்கிறது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள்: மறந்துபோன சீட்டினால் யாருக்கு லாபம் என்பதைக்கூடச் சட்டம் ஒளிக்கவில்லை. இவ்வளவு வெளிப்படையான சீட்டிலும் எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆளுக்கு ஒரு முள் உண்டு. கேரளச் சீட்டு கேரளத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்தது திருப்பூர் வட்டாரத்துக்காரர்களுக்கு. கேரளத்தின் வாளையாறில் வாங்கிய சீட்டு. அது தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்ற சீட்டு, பரிசு கொடுக்கக் கூடாது என்று உடனே புகார் கிளம்பியது. எங்கே வாங்கினோம் என்று சொல்ல வேண்டிய நிலைமை வென்றவர்களுக்கு வந்தது. ‘சீட்டை நாங்களே எடுத்து வைக்கிறோம், வாட்ஸாப்பில் படம் அனுப்புகிறோம், ஜிபே பண்ணுங்க’ என்று தென்காசியில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒருவர் சொன்னால், அந்தப் படம் சீட்டு ஆகாது. கேரள லாட்டரி காகிதச் சீட்டு மட்டும்தான். ஆன்லைனில் விற்பதில்லை என்று துறையே எச்சரித்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரில் இருப்பது நம் பக்கத்தில் போலீஸ் அடிக்கடி பிடிக்கும் மூன்று நம்பர் லாட்டரி. கேரளக் குலுக்கலின் கடைசி இலக்கங்களை வைத்து ஆடுவது. துண்டுச் சீட்டில் எண் மட்டும் இருக்கும். பின்பக்கம் வெறும் தாள். கெடு இல்லை, முகவரி இல்லை, பெயரும் இல்லை. நம்பர் விழுந்தாலும் சீட்டு எழுதிக் கொடுத்தவர் சொல்வதுதான் விதி. நிபந்தனை எதுவும் இல்லையே, நிம்மதிதானே என்று தோன்றலாம். நிபந்தனை இல்லாத சீட்டில் எல்லா நிபந்தனையும் எதிராளி வாய்க்குள் இருக்கிறது.

செல்போன் கேசினோ இந்த இரண்டையும் கலந்த ஒன்று. பின்பக்கம் இருக்கிறது, நாற்பது பக்கத்துக்கு இருக்கிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் முகவரியைத் தேடிப் போனால் துண்டுச் சீட்டுக்காரரின் நிலைமைதான். அதனால் முதல் பக்கத்தில் தொடங்க வேண்டாம். கடைசிப் பக்கங்களில் ‘எந்த நாட்டுச் சட்டம்’ என்று ஒரு பத்தி இருக்கும், அங்கே தொடங்குங்கள். குராசோ என்று இருந்தால், அது கரீபியக் கடலில் நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்ட சின்னத் தீவு. அங்கே ஒரே தலைமை உரிமத்தின் கீழ் எத்தனையோ தளங்கள் துணை உரிமம் வாங்கி ஓடிய காலம் நீண்டது. 2024 டிசம்பரில்தான் அதை மாற்றிப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். தென்காசிக்காரருக்கு அங்கே வழக்குப் போடும் உரிமை ஏட்டில் உண்டு. அடுத்து, ‘அனுமதி இல்லாத நாடுகள்’ பட்டியலைப் பாருங்கள். அதில் இந்தியா இருந்தும், பதிவு செய்யும்போது உங்கள் எண்ணையும் யுபிஐயையும் அந்த ஆப் ஏற்றுக்கொண்டால், அது கவனக்குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். தோற்கும்வரை அந்தப் பட்டியல் தூங்கும். ஜெயித்துப் பணம் எடுக்கப் போகும் அன்று விழித்துக்கொள்ளும். அனுமதியில்லாத நாட்டிலிருந்து ஆடினீர்கள், ஆகவே கணக்கு செல்லாது என்று சொல்வதற்கான வரி உங்கள் சம்மதத்தோடு ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

போனஸ் பகுதியை மட்டும் பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். 5,000 ரூபாய் போட்டால் இன்னொரு 5,000 இலவசம் என்று அறிவிப்பு. கீழே, போட்ட பணமும் போனஸும் சேர்ந்த தொகையை 35 மடங்கு ஆடித் தீர்த்த பிறகே எதையும் எடுக்கலாம் என்று ஒரு வரி. 10,000 பெருக்கல் 35, அதாவது மூன்றரை லட்சம் ரூபாய்க்குப் பந்தயம் வைத்தாக வேண்டும். ஸ்லாட் என்னும் சுழல் ஆட்டம் ஒன்று போடும் நூற்றில் சராசரியாக 96 திருப்பித் தருவதாக வைத்துக்கொள்வோம். ஆட்டம் நடத்தும் வீட்டுக்காரன் பங்கு நூற்றுக்கு நான்கு. மூன்றரை லட்சத்துக்கு நான்கு சதவீதம் 14,000. கையில் இருப்பதே 10,000. அதாவது சராசரி ஆட்டக்காரர், நிபந்தனையை நிறைவேற்றி முடிப்பதற்கு முன்பே காலியாகிவிடுவார். போனஸ் தொகைக்கு மட்டும் 35 மடங்கு என்றிருந்தால் ஒன்றே முக்கால் லட்சம். எதிர்பார்க்கும் இழப்பு 7,000. இலவசமாக வந்த 5,000ஐ வாங்க 7,000 செலவு. சிலர் புத்திசாலித்தனமாக ரூலெட்டுக்குப் போகலாம் என்பார்கள். ஒரே பூஜ்ஜியம் உள்ள ஐரோப்பிய ரூலெட்டில் 37 குழிகள், வீட்டுக்காரன் பங்கு 37இல் ஒன்று, சுமார் 2.7 சதவீதம்தான். ஆனால் இன்னும் கீழே, ரூலெட்டில் வைக்கும் பந்தயத்தில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும் என்று இருக்கும். அப்போது ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் பதினேழரை லட்சம் ஆட வேண்டும்; இழப்பு 47,000ஐத் தாண்டும். போனஸ் ஆடும்போது ஒரு தடவைக்கு இவ்வளவுக்கு மேல் பந்தயம் வைத்தால் வென்றதெல்லாம் ரத்து, போனஸில் எவ்வளவு வென்றாலும் எடுக்கக்கூடிய உச்சம் இவ்வளவு, ஏழு நாளுக்குள் முடிக்காவிட்டால் காலாவதி என்று இன்னும் மூன்று வரிகள் தனித்தனி இடங்களில் கிடக்கும். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம்போலத்தான் தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் உருவம் தெரியும்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். பணம் போடுவதற்கு ஓடிபி போதும், எடுப்பதற்கு ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் வேண்டும் என்றிருந்தால், போடும் முன்பே அந்தச் சரிபார்ப்பை முடிக்க வழி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆடாமல் விட்ட கணக்குக்கு மாதாமாதம் கட்டணம் உண்டா என்று பாருங்கள். எந்த நேரமும், முன்னறிவிப்பு இன்றி நிபந்தனைகளை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்ற வரி கண்ணில் பட்டால், அதற்கு முன் படித்த முப்பத்தொன்பது பக்கமும் இன்றைய தேதிக்கு மட்டும்தான்.

எல்லா ஆன்லைன் கேசினோவும் இப்படித்தானா என்று கேட்டால், இல்லை. நம் வட்டாரப் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் போயிருக்கும் டொரண்டோ பக்கத்தைப் பாருங்கள். கனடாவின் குற்றவியல் சட்டம் சூதாட்டத்தைப் பொதுவாகக் குற்றமாக்கிவிட்டு, 207ஆம் பிரிவில் மாகாண அரசுகள் தாமே நடத்தலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவும் கியூபெக்கும் அரசுத் தளங்களை நடத்துகின்றன. ஒண்டாரியோ வேறு வழியில் போனது: 2022 ஏப்ரல் 4 முதல், பதிவு பெற்றுக்கொண்டு ஒப்பந்தம் போட்ட தனியார் நிறுவனங்கள் ஐகேமிங் ஒண்டாரியோ என்ற அரசு அமைப்பின் பெயரில் ஆட்டம் நடத்துகின்றன. கண்காணிப்பது மாகாணத்தின் மது, சூதாட்ட ஆணையம். அங்கே வயது 19 ஆக வேண்டும். வரவேற்புப் போனஸைச் சாலையோரப் பலகையிலும் டிவியிலும் விளம்பரம் செய்யக் கூடாது. நிறுவனம் தன் தளத்துக்குள்ளும், கேட்டு ஒப்புக்கொண்டவர்களுக்கும் மட்டும் சொல்லலாம். ஆடுகிறவர் சொந்தப் பணத்தைப் பணயம் வைக்க வேண்டியிருந்தால் அதை ஆபத்தில்லாதது என்று சொல்லக் கூடாது. பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர் வென்ற பணத்துக்குக் கனடாவில் பொதுவாக வருமான வரியும் இல்லை. ஆட்டத்தின் கணிதம் அங்கும் அதேதான், 37 குழியில் ஒன்று வீட்டுக்காரனுக்கு. வித்தியாசம், நிறுவனம் தராவிட்டால் புகார் கொண்டுபோக ஓர் அரசு மேசை இருக்கிறது என்பதில்தான். அதே ஒண்டாரியோவில் உட்கார்ந்துகொண்டு குராசோ உரிமத் தளத்தில் ஆடுகிறவருக்கு அந்த மேசை கிடையாது. ஆகவே அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு முதல் வேலை, தளத்தின் அடியில் ஐகேமிங் ஒண்டாரியோ சின்னம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்த அமைப்பின் சொந்தப் பட்டியலில் அந்தத் தளத்தின் பெயரைத் தேடுவது. சின்னத்தை யாரும் வெட்டி ஒட்டலாம்.

அப்படி முறைப்படி கணக்கு வைத்திருப்பவரும் ஊருக்கு வரும்போது கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. ஒண்டாரியோ தளத்தில் ஆட, ஆள் அந்த மாகாண எல்லைக்குள் இருக்க வேண்டும். செல்போன் இருக்கும் இடத்தைத் தளம் சரிபார்க்கிறது. ஜூலைச் சாரலுக்குக் குற்றாலம் வந்து, விடுதி வைஃபையில் ஆப்பைத் திறந்தால் அது ஓடாது. இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டுத் திறப்பது சின்னத் தந்திரம்போலத் தெரியும். நிபந்தனைகளில் அது கணக்கை மூடுவதற்கும் வென்றதை நிறுத்தி வைப்பதற்கும் போதுமான காரணம். தவிர, அந்த நிமிடம் அவர் இருப்பது தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பது எந்த ஆப்பின் நிபந்தனைக்கும் முந்திய நிபந்தனை. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடை, ஆன்லைன் விளையாட்டு ஒழுங்குமுறைச் சட்டம் ஆளுநரின் கையெழுத்தோடு 2023 ஏப்ரலில் வந்தது. அதன்படி ஆன்லைன் சூதாட்டம் நடத்துவோருக்கு 3 ஆண்டுவரை சிறையோ 10 லட்சம்வரை அபராதமோ இரண்டுமோ. ஆடுகிறவருக்கும் 3 மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்ட பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை நிலைநிறுத்தியது. 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு ஆதார் சரிபார்ப்பையும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டமில்லா நேரத்தையும் கட்டாயமாக்கின. அவற்றையும் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் மத்தியச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினையை ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் நடத்தக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, வங்கிகள் அதற்குப் பணப் பரிமாற்றம் செய்யக் கூடாது என்கிறது அது. நாட்டின் பெரிய நிறுவனங்கள் உடனே பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் கடல் கடந்த தளங்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். தடை செய்த பொருளுக்கு வழிகாட்டி எதற்கு, ஆடாதே என்று ஒரு வரியில் முடித்துவிடலாமே என்று. தென்காசியில் இருப்பவருக்கு என் பதிலும் ஆடாதீர்கள் என்பதுதான். ஆனால் அந்த ஒரு வரி தனியாகப் போனால் யாரையும் தடுப்பதில்லை என்பதை 2003க்குப் பிறகும் ஓயாத மூன்று நம்பர் வழக்குகள் காட்டுகின்றன. ‘அரசு பிடிக்காமல் தடுக்கிறது, ஆட்டம் நல்ல ஆட்டம்தான்’ என்று நினைப்பவரிடம் நிபந்தனையைப் பிரித்துக் காட்டினால்தான் ஆட்டமே அவருக்கு எதிராக எழுதப்பட்டிருப்பது தெரியும். தடையின் விளைவையும் அவர் நிபந்தனையின் கணக்கில் சேர்க்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முப்பதாம் பிரிவில், பந்தய ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் வென்றதைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது. குதிரைப் பந்தயப் பரிசு நிதிக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு. ஆகவே ஆப்பின் நாற்பது பக்கமும் நேர்மையாகவே எழுதப்பட்டிருந்தாலும், அதை இங்கே நிறைவேற்றித் தர நீதிமன்றம் இல்லை. நீங்கள் மீறினால் அவர்கள் பணத்தை நிறுத்தலாம். அவர்கள் மீறினால் நீங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பலாம்.

இன்னொரு ஆட்சேபம், இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்பது. உண்மை, யாரும் படிப்பதில்லை. இன்சூரன்ஸ் பத்திரத்தையும் படிப்பதில்லை. ஆனால் இன்சூரன்ஸில் நீங்கள் படிக்காததை உங்களுக்காகப் படித்து வைத்த ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. ஒண்டாரியோவில் ஆடுகிறவருக்கும் ஓரளவு அப்படி ஒருவர் இருக்கிறார். யாருமே படித்துச் சரிபார்க்காத நிபந்தனையைப் படிக்காமல் ஒப்புக்கொள்வது வேறு வகைச் செயல். நாற்பது பக்கமும் வேண்டாம் என்றால் சட்டம், நாடு, பணம் எடுத்தல், போனஸ் என்ற நான்கு தலைப்புகளை மட்டும் தேடிப் படிக்கப் பதினைந்து நிமிடம் போதும். பிரபல நடிகரும் கிரிக்கெட் வீரரும் விளம்பரத்தில் வந்தார்களே, ஏமாற்றுவார்களா என்று கேட்பவர்களுக்கு: விளம்பரத்தில் வந்தவர் பெயர் நிபந்தனைகளில் எங்கும் இருக்காது. அதைத் தேடிப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

மூன்றாவது ஆட்சேபம்தான் கடினமானது: எனக்கு என் அளவு தெரியும், ஐநூறோடு நிறுத்திக்கொள்வேன். குற்றாலம் பேரருவியில் நிற்கிறவர் யாரும் தண்ணீரின் அளவைத் தாமாகத் தீர்மானிப்பதில்லை. மேலே மலையில் பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றுகிறது. இன்னும் ஐந்து நிமிடம் என்று யாரும் பேரம் பேச முடியாது. அளவை வைத்தது, குளிக்கும் முன்பே, குளிக்காதவர் ஒருவர். சூதாட்டத்தில் வரம்பு என்பது அப்படி இருந்தால்தான் வரம்பு. தினசரி, வாராந்திர, மாத வரம்பை ஆடும் முன்பே பதிவு செய்ய முடிகிறதா, ஏற்றக் கேட்டால் காத்திருக்க வைக்கிறதா உடனே ஏற்றித் தருகிறதா, என்னைத் தடுத்துவிடு என்று கேட்டால் எத்தனை நாளைக்குத் தடுக்கும் என்பவையும் நிபந்தனைகளில் தேட வேண்டியவை. நள்ளிரவு ஆட்டமில்லா நேரத்தை எதிர்த்து நிறுவனங்கள் உயர் நீதிமன்றம்வரை போனதிலிருந்தே, அந்த ஐந்து மணி நேரத்தின் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே பணம் மாட்டிக்கொண்டவர்கள் செய்ய வேண்டியது: கணக்கில் இருக்கும் தொகை, அவர்களோடு நடந்த உரையாடல், ஒப்புக்கொண்ட நாளின் நிபந்தனைப் பக்கம் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள், மாற்றினால் பழையது கிடைக்காது. வங்கி அறிக்கையில் பணம் யார் பெயருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். ஆப்பின் பெயர் அதில் இருக்காது. முன்பின் தெரியாத கடையின் பெயரோ தனி ஆளின் யுபிஐயோ இருக்கும், புகாருக்கு அதுதான் பிடி. சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே பேசுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் போகும் வழியில் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் ஒருவரால் ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை என்றால் டெலிமனஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம். ‘நீங்கள் வென்ற எட்டு லட்சத்தை விடுவிக்க, 30 சதவீத வரியை முதலில் இந்தக் கணக்கில் கட்டுங்கள்’ என்று செய்தி வந்தால், ஆரியங்காவுச் சீட்டின் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கமிஷனும் வரியும் பரிசிலிருந்து கழிந்து, மிச்சம்தான் கைக்கு வந்தது. பரிசு கொடுக்கும் முன் 3 கோடியே 24 லட்சத்தைக் கொண்டு வா என்று லாட்டரித் துறை யாரிடமும் கேட்பதில்லை.